கார்டில் விட்டுப்போன அளவு

1987 மார்ச் 23, திங்கள்

வெயில். பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் காய்ச்சல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். விலாவில் தையல் போட்ட இடம் அரிப்பு. வெயில் ஏறினால் அப்படித்தான்.

செய்ய வேண்டியவை: முழு ஆண்டுப் பரீட்சைக்குக் கணக்குக் கேள்வித்தாள். மண்ணெண்ணெய். தைக்கக் கொடுத்த ரவிக்கை.

செல்வராசின் கார்டு வந்தது. தம்பி விக்கிரமங்கலத்தில் சனிக்கிழமை போட்டால் திங்கள் மத்தியானம் செட்டிகுளத்தில் என் கையில். ஆபரேஷன் முடிந்து ஒன்றே முக்கால் வருடம், ஒரு வாரம் தவறியதில்லை. நான் போட்ட சட்டம். எழுத வேண்டியது நாலே நாலு. எடை. பிரஷர். ஒரு நாள் மூத்திர அளவு. மாத்திரை விடாமல் போட்டானா. நலம் நலமறிய ஆவல் எல்லாம் எனக்கு வேண்டாம், அளவைச் சொல்.

கார்டில் ரகசியம் ஏது. தபால்காரர் கோவிந்து வாசிக்காமல் கொடுத்ததே கிடையாது. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே "ரெண்டு லிட்டர் இருநூறு, டீச்சர்" என்று அறிவிப்பார். அடுத்து, வாராவாரம் அதே கேள்வி: "உங்க கிட்னி எப்படி இருக்கு?" எனக்குள் இருப்பதைக் கேட்கவில்லை. தம்பிக்குக் கொடுத்ததைக் கேட்கிறார். "ஜோரா ஓடுது" என்பேன். சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். நிமிரட்டுமே. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் கொடுத்திருக்கிறார்கள்? குழாயடியில் கேட்ட பெண்களுக்கெல்லாம் புடவையை ஒதுக்கித் தழும்பைக் காட்டியிருக்கிறேன்.

இன்றைக்குக் கோவிந்து ஒன்றும் அறிவிக்கவில்லை. "அளவு எழுதலீங்களே டீச்சர்" என்றார். வாங்கிப் பார்த்தேன். தம்பியின் கையெழுத்தே இல்லை. அவன் மனைவி தனத்தின் கையெழுத்து. எடை 51. பிரஷர் 140/80. மாத்திரை போட்டாச்சு. எல்லாரும் சுகம். அவ்வளவுதான்.

அவனுக்குக் கை என்ன ஆயிற்று?

மார்ச் 24, செவ்வாய்

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் சட்னியில் உப்பு இரண்டு தடவை.

ஒரு கார்டு எழுதினேன். "அளவு எங்கே? ஏன் நீ எழுதவில்லை? உடனே பதில்." பெட்டியில் போட்ட பிறகுதான் யோசனை, இது போய்ச் சேர்ந்து பதில் வர சனிக்கிழமை ஆகிவிடும்.

தனத்தின் மேல் கோபம். அந்தப் பெண் வந்து ஆறு வருடம். ஒரு வார்த்தை வாய் திறந்து பேசாது. மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் மூலையில் நின்றது நின்றபடி. டாக்டர் சொன்னதை நான்தான் நோட்டில் எழுதினேன், நான்தான் ஒப்பித்தேன். மஞ்சள் மாத்திரை தினம் இரண்டு. வெள்ளை மாத்திரை தினம் இரண்டு. உடம்பு அடுத்தவர் கிட்னியை அந்நியம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாமல் இருக்க, அதன் காவலை இறக்கி வைக்கிற மாத்திரைகள். ஒரு வேளை விட்டாலும் ஆபத்து. காவல் இறங்கியிருப்பதால் சளி, காய்ச்சல் எது வந்தாலும் உடனே ஓடி வர வேண்டும். இதையெல்லாம் தனத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஏறியதோ இல்லையோ.

வசந்தா டீச்சர் இன்று பழையதைக் கிளறினாள். எனக்குப் பார்த்த ஜாதகங்களில் ஒன்றுக்கும் ஐந்து பொருத்தம் தேறவில்லை, தம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது ஆறுக்கு ஆறும் பொருந்தியது என்பாளே, அதே கதை. நானே சொன்ன கதைதான். இன்று சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25, புதன்

வசந்தாவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் வழியாகப் போகிற வண்டி. அவர் பார்த்துவிட்டு வந்து சொன்னதை அவள் பத்து மணி இடைவேளையில் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"உன் தம்பி வூட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருக்கு மங்கை."

வேப்பிலை என்றால் அம்மை. யாருக்கு? அந்த வீட்டில் குழந்தை கிடையாது. தம்பி, தனம், இரண்டே பேர்.

அம்மை பார்த்த வீட்டில் இங்கிலீஷ் மாத்திரை ஒன்றையும் தொட மாட்டார்கள்.

தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். பரீட்சை நேரம், லீவு கிடையாது என்றார். "சார், என் கிட்னிக்கு ஆபத்து" என்றேன். மனிதர் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, லீவு கிடைத்தது.

நாளை முதல் பஸ். எடுக்க வேண்டியவை: மெட்ராஸ் நோட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம், இரண்டு புடவை, இந்த டைரி.

மார்ச் 27, வெள்ளி. திருச்சி, ஆஸ்பத்திரி பெஞ்ச்

நேற்று எழுத நேரமில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு மறந்தால் எனக்கு வேண்டியமாதிரி மாற்றிக்கொள்வேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

செட்டிகுளம், பெரம்பலூர், அரியலூர், விக்கிரமங்கலம். மூன்று பஸ். பெரம்பலூரில் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டே அரியலூர் வரை போனேன். பதினொன்றுக்கு வாசலில். கண்டக்டர் சொன்னது சரி, இரண்டு பக்கமும் வேப்பங்கொத்து. தனத்தின் அம்மா குறுக்கே வந்து நின்றார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் நேரே உள்ளே போகக்கூடாதே. செருப்பைத் தெருவிலேயே விட்டேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கால் கழுவினேன். அதில் நான் குறை வைக்கவில்லை.

தம்பி வேப்பிலைப் படுக்கையில். வலது பக்கம் மார்பிலிருந்து முதுகு வரை வார் பிடித்தமாதிரி கொப்புளம். அதன் மேல் சிவப்பாகக் காவி. காவியில் சிங்கம் வரைந்திருந்தது, வால் முதுகுப் பக்கம் போகிறது. அக்கி. ஊரில் பானை செய்கிற பெரியவரைக் கூப்பிட்டு மூன்று நாள் எழுதியிருக்கிறார்கள். நாலாம் நாள் கொப்புளம் கோட்டைத் தாண்டி, கழுத்து, முகம், கை எல்லாம் முத்து முத்தாகப் போட்டிருக்கிறது. அந்தப் பெரியவரே கையை விட்டுவிட்டார். இது என் எழுத்துக்கு அடங்காது, டவுனுக்குக் கூட்டிப் போங்கள் என்றாராம். தனத்தின் அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அக்கி என்ற பேரில் ஆத்தாளே வந்துவிட்டாள், இனி டவுன் எதற்கு. அன்றைக்கே வாசலில் வேப்பிலை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே மாத்திரை நிறுத்தம்.

சனி சாயங்காலம் முதல் வியாழன் காலை வரை. ஐந்து நாள்.

விரல் விட்டு எண்ணினேன், பத்து வேளை.

தம்பியைக் கேட்டேன், நீ படித்தவன், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், உனக்குத் தெரியாதா என்று. அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, ஆத்தாவப் பகைச்சுக்கிட்டு மாத்திர தின்னு என்ன ஆவப்போவுது." பயம். அந்தக் குரலை நான் முதன்முதல் கேட்டது டயாலிசிஸ் வார்டில்.

மாடத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில். மாத்திரை அட்டைகளை அதில்தான் போட்டு வைப்பது, அதுவும் என் ஏற்பாடு. கொட்டி எண்ணினேன். போன மாதம் மெட்ராஸிலிருந்து எத்தனை அட்டை வாங்கினேன் என்று நோட்டில் இருக்கிறது. ஐந்து நாள் நிறுத்தியிருந்தால் மஞ்சளில் ஒரு அட்டை, வெள்ளையில் ஒரு அட்டை கூடுதலாக இருக்க வேண்டும். இல்லை.

அப்படியானால் தூக்கி எறிந்திருக்கிறார்கள். ஆத்தா இருக்கிற வீட்டில் கண்ணில் படக்கூடாது என்று தினம் கொஞ்சமாகக் கிள்ளிக் குப்பைக்குழியில். எனக்கு அப்படித்தான் பட்டது. தனம் கூழ்ச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்தில். தெருவே கேட்கும்படி கேட்டேன்: "மாத்திரைய எங்கடி கொட்டுன? உன் அப்பன் வூட்டுச் சொத்தா அது? என் உடம்பை அறுத்துக் குடுத்தது!"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

கார் பிடிக்க அரியலூருக்கு ஆள் அனுப்பினேன். தனத்தின் அம்மா வழி மறித்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசப்படி தாண்டக் கூடாது டீச்சரம்மா, குடும்பத்துக்கே ஆகாது. நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, ஒரு மணி நேரம். தம்பி காதைப் பொத்திக்கொண்டான். கார் வந்து நின்றது. உள்ளே அம்மை என்று தெரிந்ததும் டிரைவர் ஏற்ற மாட்டேன் என்றார்.

அப்போதுதான் தனம் அசைந்தாள். வாசலில் செருகியிருந்த வேப்பங்கொத்தைப் பிடுங்கினாள். ஒன்றைக் கார் முன்னால் கட்டினாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அம்மா, நான் கூட்டிட்டுப் போறேன். ஆத்தா கேட்டா என்னைக் கேக்கட்டும்."

டிரைவர் செருப்பைக் கழற்றி வண்டிக்கடியில் வைத்துவிட்டு ஏறினார். நான் போட்ட சத்தத்தில் பெண்ணுக்குப் புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டேன். காரில் திருச்சி வந்து சேரும் வரை எனக்கு அந்தப் பெருமைதான்.

தொடர்ச்சி. தம்பிக்கு ஊசி போட நர்ஸ் கூப்பிட்டதால் நிறுத்தினேன்.

ஆறு மணிக்குத் திருச்சி. சின்ன வயது டாக்டர், கிட்னிக்கென்று படித்தவர். கொப்புளத்தைப் பார்த்ததும் தனி ரூம். முதல் கேள்வி, மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு? "அஞ்சு நாள் சார், அநியாயமா" என்று நான் ஆரம்பித்தேன். டாக்டர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை மாத்திரையைத் திடீரென்று ஐந்து நாள் நிறுத்தியிருந்தால் இவர் இப்படி உட்கார்ந்து வந்திருக்க மாட்டாரே என்றார்.

"ஒரு வேளையும் நிக்கல சார்."

தனம். பின்னாலிருந்து. இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து இரண்டு வெற்று அட்டைகளை மேஜை மேல் வைத்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. பத்துப் பத்துக் குழியும் காலி. மாத்திரையை அம்மியில் நுணுக்கி, காலையும் சாயங்காலமும் கூழில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குத் தெரியாது. தம்பிக்கே தெரியாது. தெரிந்தால் அவன் குடித்திருக்க மாட்டான். அட்டையைக் குப்பையில் போட்டால் அம்மா பார்த்துவிடுவார்கள் என்று மடியில் வைத்திருந்தாள். தெருவே கேட்க நான் திட்டியபோதும் அது அவள் மடியில்தான் இருந்தது.

டாக்டர் இரண்டு அட்டையையும் கையில் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் மாத்திரையை நுணுக்கக் கூடாதும்மா, முழுசாத்தான் போடணும் என்றார். அப்புறம், இதைச் செஞ்சதுக்கு உங்களுக்கு எத்தனை தைரியம் என்றார். தனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதான் கூழு கசந்துச்சா" என்றான்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அட்மிஷன் சீட்டில் கூட இருப்பவர் பெயர் கேட்டார்கள். தனம் தம்பிக்குப் பக்கத்தில் இருந்ததால் நர்ஸ் என்னைக் கேட்டார். தனலட்சுமியா, தனபாக்கியமா? எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு இனிஷியலோடு சொல்வேன்.

தனக்கொடி. அவளிடமே போய்க் கேட்டு வந்து சொன்னேன்.

மார்ச் 28, சனி

ரத்த ரிசல்ட். கிரியேட்டினின் 1.3. போன மாதம் 1.2. டாக்டர் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, கிட்னி தங்கமாக இருக்கிறது என்றார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து டீ குடித்தேன். டீயில் சீனி கம்மி.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். இந்தக் கிருமிக்கென்றே புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறதாம், பஸ் பார்சலில் வந்து இறங்கியது. மஞ்சள் மாத்திரையை இவர்களே குறைத்திருக்கிறார்கள், கிருமியோடு சண்டை போட உடம்புக்குக் கொஞ்சம் காவல் வேண்டுமாம். வெள்ளை அப்படியே. நிறுத்துவது வேறு, அளவு பார்த்துக் குறைப்பது வேறு. நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை நோட்டைத் தனத்திடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு இடத்தில் தேதி தப்பு என்று காட்டினாள். தப்புதான்.

முகத்தில் புதிதாக ஆறு கொப்புளம். ஜுரம் 101. இன்னும் ஆபத்து தாண்டவில்லை. நுரையீரலுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். மூச்சை எண்ணுகிறேன். நான் எண்ணினால் தனமும் எண்ணுகிறாள்.

மார்ச் 29, ஞாயிறு

ஜுரம் 100. புதுக் கொப்புளம் இரண்டு மட்டும்.

டாக்டருக்கு இன்று கொஞ்சம் ஓய்வு. பிடித்து வைத்துக் கேள்வி கேட்டேன். எந்த ஊர்க் கிருமி இது, யார் கொண்டு வந்தது, சங்கத்துக்கு வருகிறவர்களா?

யாரும் கொண்டு வரவில்லையாம். அவனுக்குள்ளேயே இருந்ததாம். சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா என்று கேட்டார். போட்டிருந்தது. அவனுக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது. அம்மை இறங்கினாலும் கிருமி உடம்பை விட்டுப் போகாதாம். முதுகெலும்பு ஓரமாக நரம்பு முளைக்கிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். வருடக்கணக்காகத் தூங்கும். காவல் இறங்கியது தெரிந்தால் எழுந்து, அந்த நரம்பு போகிற வழியே வெளியே வரும். அதனால்தான் வார் மாதிரி ஒரு பக்கம் மட்டும். அக்கியும் அம்மையும் ஒரே கிருமிதான். இப்போது கிருமிக்குள் இருக்கிற மரபுச் சரட்டைப் பிரித்துப் படித்தே பார்க்கிறார்களாம்.

முப்பத்திரண்டு வருடத்தில் அது மாறியிருக்காதா என்று கேட்டேன். "ஃப்ளூ கிருமி வருஷத்துக்கு ஒரு சட்டை மாத்தும் டீச்சர். இது அப்படியில்ல, பழைய சட்டையோடயே வரும்" என்றார். பிள்ளைகள் பார்த்து எழுதும்போது எங்கேயாவது ஓர் எழுத்தை விடுவதுபோல ஒன்றிரண்டு பிசகலாம், அவ்வளவுதான். ஆனால் காவல் இல்லாத உடம்பில் அது நிறைய எழுதும். நிறைய எழுதினால் பிசகும் கூடும், சில சமயம் மருந்துக்கு அடங்காததாகக்கூட ஆகிவிடலாம். அதனால்தான் மாற்று கிட்னிக்காரர்களைச் சீக்கிரம் கொண்டு வரச் சொல்கிறோம் என்றார். நல்ல வாத்தியாராக வந்திருப்பார்.

எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மை யாரிடமிருந்து தம்பிக்கு வந்தது? பள்ளிக்கூடத்திலிருந்து நான்தானே வாங்கி வந்தேன். எனக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றுதான் அவனுக்கு முதல் முத்து. ஒரே பாயில் படுக்க வைத்தார்கள். அழுதால் நான்தான் விசிறினேன். ஆக, இப்போது அவனைத் தின்கிற கிருமி என்னுடையது. ஒன்பது வயதில் கொடுத்தேன், நாற்பதை ஒட்டி கிட்னியும் கொடுத்தேன். ஊர் முழுக்கச் சொல்லி நிமிர்ந்தது இரண்டாவதை மட்டும்.

தனத்திடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள், "சின்னப்புள்ளைங்க ரெண்டும் ஒரே பாயில படுத்திருக்குதுங்க, அதுக்கு என்ன பண்றது அண்ணி" என்றாள். பிறகு தம்பிக்கு இளநீர் வெட்டப் போய்விட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

ஜுரம் இல்லை. புதுக் கொப்புளம் இல்லை. பழையது காய்கிறது. மூத்திரம் 1 லிட்டர் 900. நர்ஸ் அளந்தார், நானும் ஒரு தடவை அளந்தேன், தனம் அதற்கு முன்னாலேயே அளந்து வைத்திருந்தாள்.

மத்தியானம் பெஞ்சில் நானும் அவளும். தயிர்சாதம், ஊறுகாய். கேட்டுவிட வேண்டும் என்று மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். அந்தக் கார்டில் எல்லாரும் சுகம் என்று ஏன் எழுதினாய்? எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கார்டு கிடைத்த திங்கட்கிழமையே ஓடி வந்திருப்பேனே.

தம்பி சொல்லச் சொல்ல எழுதியதாம். அக்காவுக்குத் தெரிய வேண்டாம், பரீட்சை நேரம் என்றானாம். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார்களாம். அளவையும் அவன் சொன்னான், ஒன்று எண்ணூறு என்று. அதை மட்டும் இவள் எழுதவில்லை.

"அளவு இல்லன்னா நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும். எப்புடியும் கெளம்பி வந்துருவீங்க. அதுவரைக்கும் கூழுல குடுத்துக்கிட்டு ஓட்டிரலாம்னு இருந்தேன்."

அவளே மேலும் சொன்னாள். நுணுக்கும்போதெல்லாம் ஆத்தாளுக்கென்று வீட்டில் வைத்த கலசத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாளாம். கோவப்பட்டா என் மேல இறங்கு, அவர விட்டுரு என்று வேண்டிக்கொண்டாளாம். அவளுக்கும் பயம்தான். தம்பிக்கு இருந்த அதே பயம். பயந்துகொண்டே அம்மியைத் தொட்டிருக்கிறாள், பத்து வேளை.

மெட்ராஸில் மூலையில் நின்றாளே, எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

அன்றைக்குத் தெருவில் வைத்து அப்படிப் பேசியது என் தப்பு என்றேன். எனக்கு இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க சத்தம் போட்டது நல்லதாப் போச்சு. இல்லாட்டி அம்மா என்னைச் சந்தேகப்பட்டிருக்கும்" என்றாள். ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். பிறகு ஒரு சத்தியம் கேட்டாள். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது.

சத்தியம் செய்தேன். நான்! ஒரு சேதியை ஒன்பது மணிக்கு மணி அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கிறவள்.

ஏப்ரல் 4, சனி

பொருக்கு உதிர ஆரம்பித்துவிட்டது. தனத்தின் அம்மா வந்தார்கள். பாட்டிலில் வேப்பிலை மஞ்சள் தண்ணீர். நர்ஸ் விடவில்லை. டாக்டர் வந்து, உடம்பில் படாமல் தலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வெளியே கொட்டுங்கள் பெரியம்மா என்றார். சுற்றினார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். எந்தக் கை காப்பாற்றியதோ.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா டீச்சரம்மா, அஞ்சு நாளு மாத்திர இல்லாம ஆத்தா எப்புடிக் காப்பாத்துனா" என்றார்கள்.

தனம் என்னைப் பார்த்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "ஆமாங்க" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆபரேஷன் வலியெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

தனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். சிரித்திருக்கிறாள், கழுதை.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று டிஸ்சார்ஜ். அவர்கள் அரியலூர் பஸ், நான் பெரம்பலூர் பஸ். தம்பி இன்னும் மெலிவு, எடை 49. அக்கி போட்ட இடத்தில் சுரீர் சுரீர் என்று வலி இருக்கிறது, சில மாதம் இருக்குமாம். கன்னத்தில் மூன்று குழி நின்றுவிட்டது. என் நெற்றியிலும் ஒன்று உண்டு, ஒன்பது வயதிலிருந்து.

பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் அப்படியே கிடக்கிறது. வசந்தா என்னென்னவோ தோண்டினாள். அவளிடம் மூச்சு விடக்கூடாது. அவள் வீட்டுக்காரர் வண்டி அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. கடவுள் காப்பாற்றினார் என்று மட்டும் சொன்னேன். "உன் வாயிலேருந்தா?" என்றாள்.

ஹார்லிக்ஸ் பாட்டில் சாவி மாதிரி இனி தனத்திடமே இருக்கட்டும். அடுத்த மெட்ராஸ் செக்கப்புக்கு டாக்டர் முன்னால் அவள் உட்காரட்டும், நான் பின்னால் நிற்கிறேன். எவ்வளவு நேரம் நிற்பேனோ தெரியாது.

ஏப்ரல் 13, திங்கள்

வெயில் கொஞ்சம் அடங்கி மேற்கே மேகம். நாளை வருடப் பிறப்பு, பள்ளி லீவு. மாங்காய், வேப்பம்பூ, வெல்லம் வாங்க வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கோவிந்து. சைக்கிளைச் சாய்க்கும் முன்பே சத்தம்: "ரெண்டு லிட்டர் நூறு, டீச்சர்!" வராந்தாவில் நின்ற பிள்ளைகள் கை தட்டின. என்னவென்று அதுகளுக்குத் தெரியாது, நான் சிரித்ததால் தட்டின.

கார்டு தனத்தின் கையெழுத்து. எடை 50. பிரஷர் 130/80. மூத்திரம் 2 லிட்டர் 100. மாத்திரை விடவில்லை, முழுசாக. கீழே இடம் இல்லாத இடத்தில் பொடி எழுத்தாக ஒரு வரி: அம்மா ஊருக்குப் போயாச்சு.

பதில் கார்டு உடனே எழுதினேன். ஒன்றே முக்கால் வருடமாக முகவரியில் தம்பி பெயர்தான். இன்று திருமதி செ. தனக்கொடி என்று எழுதினேன். எழுதிய பிறகு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கோவிந்து நின்றுகொண்டே இருந்தார், கையோடு வாங்கிப் போக. முகவரியைப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு வழக்கமானதைக் கேட்டார், உங்க கிட்னி எப்படி இருக்கு டீச்சர்?

"என்னுதா? அது தனத்தோட கிட்னி. ஜோரா ஓடுது" என்றேன்.